நிக்காத பஸ்ஸுக்கு ஒரு பாட்டு

ஒரு ஊர்ல ஒரு மைக்செட்காரி இருந்தாளாம். பேரு தவமணி. ம் கொட்டணும் குட்டி. கொட்டலைன்னா பெரியம்மா பாதியில நிறுத்திட்டுத் திரும்பிப் படுத்துக்குவேன், ஆமா.

ம்.

அந்தத் தவமணி என்ன பண்ணுவா, கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, எங்க கூப்பிட்டாலும் சைக்கிள்ல ஆம்ப்ளிஃபயரக் கட்டிட்டுப் போயிருவா. பொம்பளப் புள்ள மரத்துல ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுதான்னு ஊரே வாயப் பொளந்து பாக்கும். பாக்கட்டுமே, அவளுக்கென்ன? ஏறிக் கட்டிட்டு, எறங்கி வந்து, மைக்க எடுத்து டொக் டொக்குன்னு தட்டி, "அலோ, அலோ, மைக் டெஸ்ட்"டுன்னு சொல்லிட்டுத்தான் தண்ணி குடிப்பா.

அப்புறம், ஒரு நாள் அவளுக்கு ஒரு கேசட்டு வேணும்னு ஆச்சு. பழைய பெட்டியக் கொட்டித் தேடுறா. கடகடன்னு எல்லாம் விழுது. அதுல ஒண்ண எடுத்து, இதுல என்ன இருக்குன்னு போட்டுப் பாத்தா. கர்ர்ர்ருன்னு ஒரு எரைச்சல். அப்போ, அந்த எரைச்சலுக்குள்ள இருந்து ஒரு பொம்பளைக் கொரலு வருது. மேளம் இல்ல, ஆர்மோனியம் இல்ல. ஒரு குடத்தத் தட்டுற சத்தம் மட்டும், டொங்கு டொங்கு டொங்கு.

"நிக்காத பஸ்ஸுக்காரா, நெஞ்சில்லாத டிரைவரண்ணே,
கூடையில மீனு நாறும், கொழம்பு வெச்சா நாறலியோ?
கையக் காட்டிக் காத்திருந்தேன், காலு ரெண்டும் மரமாச்சு,
வேரோட வெட்டிவந்தா வெறகுன்னாச்சும் ஏத்துவியோ?"

தவமணி அப்படியே உக்காந்துட்டா. சிரிப்பு வருது, கண்ணுல தண்ணியும் வருது, எத மொதல்ல தொடைக்கிறதுன்னு தெரியல. ஊரு ஊரா எத்தன ஆயிரம் பாட்டு போட்டிருக்கா! காதுல விழுந்து வெளிய போயிரும், அவ்வளவுதான். இது போகல. உள்ள போயி உக்காந்துக்கிச்சு.

வேற பாட்டு இருக்கான்னு சர்ர்ர்ருன்னு பின்னாடி ஓட்டிப் பாத்தா, ஊர்த் தலைவரு என்னமோ பேசிட்டு இருக்காரு. இன்னும் ஓட்டுனா, அங்கயும் தலைவரு. திருப்பிப் போட்டா, அந்தப் பக்கமும் தலைவரு. சரி, பேசி முடிச்ச மிச்ச டேப்புல யாரோ ஒரு பாட்டப் பாடி வெச்சிருக்காங்க போலன்னு நெனச்சுக்கிட்டா. நெனப்ப யாரு தடுக்க முடியும்?

அப்புறம் அவளுக்குச் சோறு எறங்கல. இந்தம்மா இன்னும் என்னென்ன பாட்டுக் கட்டியிருப்பாளோ, அதையெல்லாம் கேக்கணுமே, கேட்டு நாலு ஊருக்குக் குழாய்ல போடணுமேன்னு ஒரே தவிப்பு. சின்ன டேப்ரெக்கார்டரத் தூக்கிக் கூடையில வெச்சுக்கிட்டுக் கெளம்பிட்டா.

ம்... கொட்டுறியா, தூங்கிட்டியா?

ம்.

மொதல்ல டவுன்ல மெல்லிசைக் கச்சேரி வெக்கிற மாஸ்டர்கிட்டப் போனா. அவரு ஒரு வரி கேட்டாரு. அதுக்கு மேல கேக்கல. "சுருதியே இல்லம்மா. மீனு, நாத்தம்னு இதெல்லாம் ஒரு பாட்டா?"ன்னு டப்புன்னு அமுத்திட்டாரு. அவரு சொந்தமா ஒரு வரி கட்டுனது கெடையாது. எவனோ பாடுனத திருப்பிப் பாடியே தொந்தி வளத்த மனுசன். பேசுறாரு பேச்சு!

அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனா. பஸ்ஸப் பத்தின பாட்டாச்சே. டிக்கெட் பையோட நின்னுட்டு இருந்த ஒரு கண்டக்டர்கிட்டப் போட்டுக் காட்டுனா. அந்தாளு தொடையத் தட்டிட்டுச் சிரிக்கிறான்.

"அட, இது ஞானப்பூ கொரலும்மா! மணல்குடி ஸ்டாப்புல மீன் கூடையோட நிக்கும். மீனு ஏத்துனா மத்த ஆளுங்க சத்தம் போடுவாங்க. தூரத்துலயே பாத்துட்டு நான் டபுள் விசில் குடுத்துருவேன், டிரைவரு அழுத்திருவாரு. அது பின்னாடியே பாடிட்டு நடக்கும்."

"அண்ணே, அவ்வளவு தூரம் நடந்தா போவாங்க?"

"எட்டு மைலு. இப்ப வர்றதில்ல. கால் போயிருச்சுன்னாங்க."

அப்படிச் சொல்லும்போதும் சிரிச்சுட்டேதான் சொன்னான், பாவி.

அப்போ தவமணி மணல்குடிக்குப் போனா. மணலு சுடுது, கால வெச்சா சுரீர் சுரீர்ங்குது. வீட்ட விசாரிச்சுப் போனா, வாசல்ல மருமக கருவாடு காயப் போட்டுட்டு இருக்கா.

"பாட்டா? எங்க அத்தையா? பேசவே பேசாது. கல்யாணமாயி அஞ்சு வருசம் ஆச்சு, ஒரு தாலாட்டு பாடிக் கேட்டதில்ல நான். நீ வேற ஆளத் தேடி வந்திருக்க."

தவமணி டேப்ப வாசல்ல வெச்சு பட்டன அமுக்குனா. டொங்கு டொங்கு டொங்கு. அப்போ, உள்ள இருந்து சரக் சரக்குன்னு ஒரு சத்தம். ஒரு கெழவி ஒக்காந்த வாக்குல நகந்து நகந்து வாசலுக்கு வர்றா. வந்து, நெலப்படியப் புடிச்சிட்டு, முழுசாக் கேட்டா. கருவாட்டத் திருப்புன கையோட மருமக அப்படியே நின்னுட்டா.

பாட்டு முடிஞ்சுது. கெழவி மொகத்துல சிரிப்பு இல்ல.

"கடைசிப் பாட்டு இது"ன்னா. "முன்னாடி எட்டு இருக்குமே. அதப் போடு."

தவமணிக்கு ஒண்ணும் புரியல. "ஆத்தா, இதுல இது ஒண்ணுதான் இருக்கு."

"இருக்காதே. ஒம்போது பாட்டு. கம்மல வித்துட்டு டவுனுக்குப் போயி, ரெக்கார்டிங் கடையில உக்காந்து, குடத்தத் தட்டிப் பாடுனேன். கடைக்காரப் பையன் கேசட்டு முதுகுல ரெண்டு பல்லு மாதிரி இருந்தத ஒடிச்சுட்டு, 'இனி இத யாரும் அழிக்க முடியாது ஆத்தா'ன்னு சொல்லிக் குடுத்தான்."

"அப்புறம் ஆத்தா?"

"மாதா கோயில் திருநாளுக்கு வந்த மைக்செட்டுல குடுத்தேன், ஒரே ஒரு தடவ போடுங்கன்னு. மைக்செட்ட மறைச்சிருந்த ஓலைத் தட்டிக்கு உள்ள கைய நீட்டிக் குடுத்தேன். உள்ள இருந்து ஒரு கை வாங்குச்சு. மொகத்தப் பாக்கல. திருநாளு மூணு நாளும் குழாய்க்குக் கீழயே உக்காந்திருந்தேன். போடவே இல்ல. திருப்பியும் தரல. ஆறு வருசம் ஆச்சு."

குட்டி, அந்தத் திருநாளுக்குக் குழாய் கட்டுனது யாரு தெரியுமா?

தவமணிதான்.

அவளுக்கு ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. யாரோ எதையோ குடுத்தாங்க. அவசரத்துல வாங்கிப் பெட்டியில போட்டா. மறுவாரம் தண்ணித் தொட்டி தெறப்பு விழா. தலைவரு வந்து, நான் பேசுறத அப்படியே புடிச்சுக் குடுன்னுட்டாரு. கையில காலி கேசட்டு இல்ல. பெட்டியில கெடந்த ஒண்ண எடுத்தா, பின்னாடி பல்லு ஒடிச்ச ஓட்டை, அப்படியே வெச்சா பதியாது. அதுக்கென்ன, மைக்செட்காரங்க எல்லாரும் பண்றதுதானே? காயிதத்தக் கிழிச்சு, உருட்டி, ஓட்டையில அடைச்சு, பதியிற சிவப்புப் பட்டன அமுக்குனா. உள்ள என்ன இருக்குன்னு ஒரு நிமிசம் போட்டுக் கேக்கல. தலைவரு ஒரு பக்கம் பேசி, மறுபக்கமும் பேசி, முடிக்கிற நேரத்துல கரண்ட்டு போச்சு. கரண்ட்டு போனதால தப்பிச்சது அந்த ஒத்தப் பாட்டு.

பேச்சு முடிஞ்சு மிச்சத்துல பாடுனதுன்னு நெனச்சாளே, அது அப்படி இல்ல. பாட்டுதான் மொதல்லயே இருந்துது. இவதான் அது மேல பேச்ச ஏத்தி அழிச்சவ.

அப்போ ஞானப்பூ ஆத்தா சொல்றா, "நல்லா இல்ல போலன்னு நெனச்சேன் பிள்ளே. பாட்டுத் தெரிஞ்சவங்க கேட்டிருப்பாங்க, இதப் போய் எப்படிப் போடுறதுன்னு தூக்கிப் போட்டிருப்பாங்க, நமக்கு எதுக்கு இந்த ஆசைன்னு நெனச்சேன். அன்னிக்கு நிறுத்துனதுதான்."

தவமணி மணல்ல விழுந்து ஆத்தா கால ரெண்டையும் புடிச்சிட்டா. "ஆத்தா, நான் கேக்கவே இல்ல ஆத்தா. கேக்காமயே அழிச்சுட்டேன். வாங்குன கை இதுதான்"னு எல்லாத்தையும் சொல்லி அழுதா. "அந்த எட்டையும் இப்பப் பாடுங்க. நான் புதுக் கேசட்டுல புடிக்கிறேன், ஊரு ஊராப் போடுறேன்"னு கெஞ்சுனா.

ஆத்தா நெத்தியச் சுருக்கி யோசிச்சா. ஒரு வரி வாய் வரைக்கும் வந்துச்சு. ம்ம்ம்ம்னு இழுத்தா. அறுந்து போச்சு. இன்னொண்ண எடுத்தா. அதுவும் பாதியில நின்னு போச்சு.

"எழுதத் தெரியாது எனக்கு. கேசட்டுல ஏறிருச்சுல்ல, இனி நாம எதுக்கு மனசுல சொமக்கணும்னு விட்டுட்டேன். போயிருச்சு."

மருமக ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து ரெண்டு பேருக்கும் நடுவுல வெச்சுட்டுப் போனா. யாரும் குடிக்கல.

அப்புறம் ஆத்தா கேட்டா, கோவமாக்கூடக் கேக்கல குட்டி, அடுத்த வீட்டு விசேசத்த விசாரிக்கிற மாதிரி கேட்டா.

"ஏம் பிள்ளே, அந்தத் தலைவரு என்ன பேசுனாரு?"

தவமணி யோசிக்கிறா, யோசிக்கிறா. ஒரு வார்த்த வரல. புடிச்சதுக்கு அப்புறம் அந்தப் பேச்ச அவ முழுசாக் கேட்டதே இல்ல. தலைவரும் கேசட்டு வேணும்னு வரவே இல்ல.

"ஞாபகம் இல்ல ஆத்தா."

ஆத்தா அவளையே பாத்தா.

"எம் பாட்ட எடுத்துட்டு, அந்த எடத்துல ஒண்ண வெச்சியே. வெச்சதையாச்சும் ஞாபகம் வெச்சிருக்கக் கூடாதா?"

அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டு, வந்த மாதிரியே சரக் சரக்குன்னு உள்ள போயிட்டா.

அப்புறம்?

அப்புறம் என்ன அப்புறம்? அந்தாத்தா திரும்பப் பாடவும் இல்ல, தவமணிய உள்ள கூப்பிடவும் இல்ல. கதை இத்தோட படுத்துருச்சு, இனி எழுப்பக் கூடாது. நீயும் போர்த்திட்டுப் படு, கண்ண மூடு.