காட்டுப்பன்றி விருந்து

காட்டுப்பன்றி வேட்டைக்குப் புறப்பட்ட மேலக்காட்டு ஜமீன்தார், கொக்குச் சுடுகிற ரவைத் தோட்டாக்களைப் பையில் அள்ளினார்.

“எசமான், பன்னிக்குக் குண்டுத் தோட்டால்லா வேணும்?” என்றான் சமையற்காரன் இருளப்பன்.

“கரண்டி பிடிக்கிற பயலுக்குத் தோட்டாவைப் பத்தி என்னலே தெரியும்? நான் சுட்டதை ஆக்கி விருந்தாளிகளுக்குப் போடு. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது!”

காட்டில் ரவை பட்ட பன்றி, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு துரத்தியது. ஜமீன்தார் புளியமரத்தில் ஏறித் தப்பினார். வெறுங்கையோடு வீடு திரும்பியதும் இருளப்பனிடம், “சொன்னது சொன்னதுதாம்லே!” என்று மீசையை முறுக்கினார்.

பந்தியில் கறிக்காகக் காத்திருந்த விருந்தாளிகளின் இலையில் ஆவி பறக்க உப்புமா விழுந்தது.

“என்னலே இது?” என்று ஜமீன்தார் உறுமினார்.

இருளப்பன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“பன்னியைப் பார்த்து எசமான் சுட்டது ரவை. ரவையில உப்புமாதானே வரும்?”