தைலமரத்தின் இந்தப் பக்கம்

தாண்டிக்குடி மலைச்சாலையில் காலை மழைக்குத் தைலமரம் ஒன்று குறுக்கே சாய்ந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஜீப். ஜீப்புக்குள் பிரசவ வலியில் ஒரு பெண். ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். அவளைத் தூக்கிவரவும் வழியில்லை.

மரம் அறுக்க வந்தவர்கள் இருவர். பிலோமினாவுக்கு முப்பத்தொரு வயது. அவள்தான் மாஸ்டர். சீடர் வேலப்பனுக்கு ஐம்பது. லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு அவளிடம் தொழில் கற்க வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

வேலப்பன் மரம் அறுக்கும் செயின் மெஷினைப் பிடித்திருந்தார். அவசரத்தில் செயின் கிளையைத் தாண்டி மண்ணில் உரசி, பற்கள் மழுங்கின. அதன்பிறகு சத்தம்தான் இருந்தது, அறுப்பு இல்லை. சீவலாக வந்த மரம் மாவாக வந்தது. புகை கிளம்பியது. அவர் இன்னும் அழுத்தினார்.

பிலோமினா அவர் தோளைத் தட்டினாள்.

"நிறுத்துங்கண்ணே."

மெஷினை வாங்கி ஒரு கல்லின்மேல் வைத்து நட்டுகளைக் கழற்றினாள். செயின் ஓடும் தகட்டைத் தனியே எடுத்தாள்.

"மாஸ்டர், இதுக்கா இப்ப நேரம்?"

அவள் தகட்டின் பள்ளத்தில் கம்பியை விட்டு இழுத்தாள். எண்ணெயும் மரத்தூளும் களியாக வந்தன. அடைத்திருந்த எண்ணெய்த் துளையைக் குத்தித் திறந்தாள்.

ஜீப்பிலிருந்து அலறல் கேட்டது.

"மாட்டிக் குடு தாயி. இருக்கிற கூர்மையிலயே அறுத்துடறேன்" என்றார் வேலப்பன்.

"இருக்கா?" என்றாள்.

செயினை மாட்டி, அரத்தை எடுத்தாள். ஒரு பல்லுக்கு மூன்று இழுப்பு. அடுத்த பல். வேலப்பன் மரம் வரை நடந்தார், திரும்பி வந்தார், உட்கார்ந்தார், எழுந்தார்.

"என்னய்யா பண்றீங்க அங்க?" என்று அந்தப் பக்கமிருந்து டிரைவர் கத்தினார்.

கடைசிப் பல்லையும் ராவிய பிறகுதான் மெஷினைக் கிளப்பினாள். சீவல்கள் அவள் முழங்கால்வரை தெறித்தன. இரண்டு இடத்தில் அறுத்ததும் நடுத்துண்டு கழன்றது. இருவரும் அதைப் பள்ளத்தில் உருட்டிவிட்டார்கள்.

ஜீப் கடந்தபோது உள்ளிருந்து ஒரு கை வெளியே நீண்டது.

"அக்கா!"

பிலோமினா அந்தக் கையைப் பிடித்தபடி பத்தடி ஓடி, விட்டுவிட்டாள்.

மதியம் போன் வந்தது. பெண் குழந்தை. தாயும் நலம். பிலோமினா சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வேலப்பன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்க தங்கச்சின்னு ஒரு வார்த்தை சொல்லலியே. உங்களுக்குப் பதற்றமே வரலியா, மாஸ்டர்?"

"வந்துச்சுண்ணே. ஆனா அது மரத்தை அறுக்காதுல்ல."