முன்பிரேக்கும் டீக்கடை ஸ்டூலும்

"பிரேக்கை எப்ப நம்பலாம்?" என்று கேட்டார் பாக்கியநாதன்.

நாகமணி கையிலிருந்த ஸ்பேனரை அவரிடம் நீட்டினார்.

போத்தனூரில் நாகமணியின் ஒர்க்‌ஷாப் சின்னது, அந்த அம்மாவின் வாயும் சின்னது. பாக்கியநாதன் ரயில் இன்ஜின் ஓட்டி ரிட்டயர் ஆனவர், நாகமணியைவிடப் பதினைந்து வயது மூத்தவர். குன்னூர் எஸ்டேட் ஒன்றில் துருப்பிடித்துக் கிடந்த பச்சை ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அறுபதுகளில் வந்த வண்டி. இரண்டே சீட், மேலே கூரை கிடையாது. இன்ஜின் பாடியது. பிரேக்தான் கெஞ்சியது.

"நான் செய்ய மாட்டேன். நீங்க செய்யுங்க, நான் பார்க்கறேன்" என்றார் நாகமணி. அப்படித்தான் பாக்கியநாதன் அவருக்குச் சீடரானார்.

வண்டியில் ஏற அவர் மனைவி லில்லி மறுத்துவிட்டார். சொன்னது ஒரே வார்த்தைதான். "நீங்க பிரேக் போட்டு எது நின்னுச்சு?"

இன்ஜின் டிரைவரின் மனைவிக்குத் தெரியும். தண்டவாளத்தில் ஆள் நிற்பார். டிரைவர் பிரேக்கைப் போடுவார், ஹாரனை அடிப்பார். ரயில் நிற்காமல் அது பாட்டுக்குப் போகும். அப்படிப்பட்ட நாட்களில் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார் பாக்கியநாதன். லில்லி எதுவும் கேட்டதில்லை.

சொன்ன இடத்தில் நிற்கிற வண்டி ஒன்று வேண்டும். அதில் லில்லியை உட்கார வைத்து குன்னூர் மலை இறங்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு.

அதனால் முன்சக்கரத்தின் பழைய கேலிப்பர்களைக் கழற்றி எறிந்தார். சுழலும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கைகள் அவை. பழையதில் பிஸ்டன் இரண்டு. புதியதில் நாலு. மாட்டினார். கேலிப்பரில் காற்று வெளியேறும் சின்னத் திருகான நிப்பிளைத் திறந்து, பெடலை மிதித்து, குழாயிலிருந்த காற்றை வெளியே எடுத்தார். பிரேக் ஆயில் சுத்தமாக வந்தது.

"முடிஞ்சது" என்றார்.

நாகமணி சீட்டில் உட்கார்ந்து பெடலை ஒருமுறை மிதித்தார். இறங்கினார்.

"காத்து இருக்கு."

"ஒரு குமிழி வரல. நான் பார்த்தேன்."

"இருக்கு."

"ரெண்டு மிதி மிதிச்சா பிடிக்குதே."

"முதல் மிதிக்கு?"

பாக்கியநாதனுக்குச் சுருக்கென்றது. "காத்தைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க மேஸ்திரியம்மா. ஒரு ரயிலையே காத்துதான் நிறுத்துது."

"நின்னுச்சா?"



நாகமணி பக்கத்து டீக்கடைக்குப் போனார், ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் மூடிக் கிடக்கும் பஞ்சு மில். அதன் உள்ரோடு நேராக, ஆளில்லாமல் கிடந்தது. ரோட்டின் கோடியில் ஸ்டூலைப் போட்டு, நடுவில் உட்கார்ந்தார்.

"வாங்க. வேகமா வாங்க. என் முட்டிக்கிட்ட நிறுத்துங்க."

"இதென்ன விளையாட்டு?"

"முடிஞ்சதுன்னு சொன்னீங்க."

பாக்கியநாதன் வண்டியைக் கிளப்பினார். கியரைப் போட்டார். தூரத்தில் சின்னதாக ஒரு ஆள், நகராமல். அவர் கை தானாகப் போய் ஹாரனை அழுத்தியது.

நாகமணி அங்கிருந்தே கத்தினார். "ஹாரன் எதுக்கு? நிறுத்தச் சொன்னேன். விலகச் சொல்லுங்கன்னு சொல்லல."

பாக்கியநாதன் வண்டியை நகர்த்தவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். நாகமணி ஸ்டூலோடு திரும்பி வரும்வரை காத்திருந்தார்.

"கழட்டிடறேன். பழசையே மாட்டிடறேன். எனக்கு இது ஆகாது."

"பழசை இப்படி மாட்டினாலும் நிக்காது."

"எப்படி மாட்டினா?"

நாகமணி பாதி தண்ணீர் இருந்த பாட்டிலை எடுத்தார். மூடியை இறுக்கித் திருகி, வாய் கீழே பார்க்கத் தலைகீழாகப் பிடித்தார்.

"திறந்தா என்ன வரும்?"

"தண்ணி."

"காத்து எங்க?"

பாக்கியநாதன் பாட்டிலைப் பார்த்தார். "மேல நிக்குது."

"சுத்தமான தண்ணியா வருதேன்னு சந்தோஷப்பட்டுட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு நாகமணி டீ குடிக்கப் போய்விட்டார்.

பாக்கியநாதன் தரையில் படுத்து சக்கரத்துக்குள் பார்த்தார். காற்று வெளியேற வேண்டிய நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமும் அப்படியே. இடது கேலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தார். ஒரு நாள் முழுக்கக் கீழ்க்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மேலே நிற்கிறவனைத் தேடியிருக்கிறார்.

மறுநாள் காலையில் மாற்றி மாட்டினார். இப்போது நிப்பிள் வானத்தைப் பார்த்தது. திறந்ததும் ஆயில் இருமியது, நுரைத்தது, கடைசியில் அமைதியாக வந்தது. பெடல் கல் மாதிரி நின்றது.

அன்றைக்கு லில்லியையும் வரச் சொல்லியிருந்தார். சாப்பாட்டுத் தூக்கோடு வந்து மில் கேட் ஓரம் நின்றார் லில்லி. ஏற வரவில்லை, பார்க்க வந்தார்.

நாகமணி ஸ்டூலைத் தூக்கினார். பாக்கியநாதன் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"இன்னைக்கு நான்."

"என்ன நான்?"

"நான் உட்கார்றேன். நீங்க ஓட்டிட்டு வாங்க."

"எனக்கு வேலை கிடக்குது."

"கிடக்கட்டும். ஆயுசு முழுக்க வண்டிக்குள்ள உட்கார்ந்து பார்த்துட்டேன். ஒருதரம் எதிர்ல உட்கார்ந்து பார்க்கறேன்."

நாகமணி அவர் முகத்தைப் பார்த்தார். சாவியை வாங்கிக்கொண்டார்.

பாக்கியநாதன் ரோட்டின் கோடியில் உட்கார்ந்து கைகளை முட்டிமேல் வைத்துக்கொண்டார். பச்சை வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. வேகம் கூடியது. பெரிதாகிக்கொண்டே வந்தது. ஹாரன் சத்தமில்லை. லில்லி "ஏங்க" என்றார், ஒரே தடவை. அவர் திரும்பவில்லை. கண்ணையும் மூடவில்லை.

டயர் கீச்சென்றது. வேட்டி நுனி பறந்து நம்பர் பிளேட்டில் ஒட்டியது. வண்டி நின்றது. முதல் மிதிக்கு.

லில்லி நடந்து வந்தார். அந்தப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, தூக்கை மடியில் வைத்துக்கொண்டார்.

"வெயில் ஏறுது. எந்திரிச்சு வாங்க" என்றார்.

பாக்கியநாதன் எழவில்லை. நாகமணியைப் பார்த்தார்.

"இப்ப சொல்லுங்க மேஸ்திரியம்மா. பிரேக்கை நம்பலாமா?"

நாகமணி இறங்கி, சாவியை அவர் மடியில் போட்டார்.

"பிரேக்கை நான் எங்க பார்த்தேன்? நீங்க எந்திரிச்சு ஓடறீங்களான்னு பார்த்துட்டே வந்தேன்."