கிளாத்தியின் கொம்பு

கடல்மேல் ஆணை, கரைமேல் ஆணை, நான் குடிக்கும் கஞ்சிமேல் ஆணை! இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மீனின் அளவை மட்டும் கொஞ்சம் முன்னேபின்னே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றிய நாள். பகலிலேயே வானம் அடிப்பிடித்த சட்டி மாதிரி கறுத்துவிட்டது. எல்லா வள்ளங்களும் கரையேறிவிட்டன. ஒன்று மட்டும் கடலுக்குள் நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டிருந்தது. அதில் கயித்தானின் மகனும் மருமகளும் இருந்தார்கள்.

மகன் கடலே பார்க்காத ஊரில் பெண்ணெடுத்தவன். புது வள்ளத்துக்கு மாதா பெயர் வைக்காமல், ‘செண்பகம்’ என்று அவள் பெயரை எழுதினான். கயித்தான் அதன்மேல் தாரைப் பூசினார். “பிடிக்கலைன்னா இந்தக் கரையில கால் வைக்காதே” என்றார். அவன் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். காலையில் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். வரவில்லை. இப்போது அலை எழும்பிவிட்டது. ஆள் விடவும் வழியில்லை.

கயித்தான் தொம்மை ஆசானிடம் ஓடினார். அறுபது வயதில், தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவரான இந்த ஆசானிடம் சிலம்பம் கற்றவர் கயித்தான்.

“ஆசானே, நங்கூரக் கயிறு எந்நேரமும் அறுந்துரும். என்ன செய்யட்டும்?”

ஆசான் வலையில் சிக்கிய ஒரு மீனை நீட்டினார். கிளாத்தி.

“இதை எடுத்து விடும். செத்துரக் கூடாது.”

“என் பிள்ளை சாகப் போறான், நீரு மீனைப் பத்திப் பேசுதீரு!”

“எடும்வே.”

பலகை மாதிரி தட்டையான மீன். செதில் தெரியாது, தோல் அரம்போலக் கையை அறுக்கும். சீட்டியடிக்கக் குவித்தது போல் குட்டி வாய். கடற்புல்லுக்குள் தலைகீழாக நின்று, புல்லின் நிறத்தையே பூசிக்கொள்ளும் கள்ளப் பயல். பயந்துவிட்டால் பாறை இடுக்கில் புகுந்து, தலைமேல் இருக்கும் கொம்பை நிமிர்த்திக்கொள்ளும். அப்புறம் யானை இழுத்தாலும் வராது. ஒரு யானை இழுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தக் கொம்புதான் வலையில் மாட்டியிருந்தது. கயித்தான் அமுக்கினார். மடங்கவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினார். விரலில் ரத்தம் வந்தது.

“முறிச்சிரட்டுமா?”

“முறிச்சா மீனு எதுக்கு?”

கடலில் வள்ளம் ஒருமுறை மறைந்து எழுந்தது.

ஆசான் சுண்டுவிரலை நீட்டினார். பெரிய கொம்புக்குப் பின்னால், தோலோடு தோலாக, அரிசி முனை அளவுக்கு இன்னொன்று இருந்தது. அதைத் தொட்டு அழுத்தினார். தாழ்ப்பாள் விலகியது போலப் பெரிய கொம்பு தானாகப் படுத்துவிட்டது.

மீனைத் தண்ணீரில் விட்டார். அது நேரே புல்லுக்குள் போய், அலை அடித்துக்கொண்டு போகாமல் ஒரு புல்லின் நுனியைக் கடித்துக்கொண்டு தொங்கியது.

“காத்து கரையில இருந்துதான் அடிக்கு. சத்தம் போய்ச் சேரும். கூப்பிடும்” என்றார் ஆசான்.

“காலையில இருந்து ‘ஏய், வாடா’ன்னு தொண்டை கிழியக் கத்துதேன். திரும்பிக்கூடப் பார்க்கல.”

“ஏய்ன்னா யாரு திரும்புவா?”

“மகன் பேரை எப்படிச் சொல்லுவேன், ஆசானே?”

எங்கள் கரையில் ஆள் பெயரைக் கடலைப் பார்த்துக் கூவ மாட்டோம். கடல் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளும். ஒருநாள் அதுவே கூப்பிட்டுவிடும். வள்ளத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

“அப்போ வள்ளத்தைக் கூப்பிடும்.”

“அதுக்குத்தான் பேரே இல்லையே! நானே அழிச்சிட்டேனே!”

ஆசான் வலையை உதறி மடித்தார்.

“தாருக்கு அடியில என்ன இருக்கு, வே?”

கயித்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

இதை நான்தான் சொன்னேன் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். செண்பகத்தின் காதுக்குப் போனால், “என்ன மாமா, நீங்க தார் பூசின கதையை இன்னைக்கும் ஊருக்குச் சொல்லியாச்சா?” என்பாள். அப்புறம் என் தட்டில் மீன் இருக்காது, வெறும் குழம்புதான்.