வைத்தியர் துண்டில் ஒரு சொட்டு

ஜமீன் மாளிகையில் இரண்டு அறைகள் உள்ளே தாழிட்டுக் கிடந்தன. கதவிடுக்கில் சோற்றுத் தட்டை வைத்தால் ஒரு கை மட்டும் வெளியே நீளும். ராணியம்மாவுக்காக வைத்தியர் காய்ச்சிய அழகுத் தைலத்தை முதலில் பூசிப் பார்த்த வேலைக்காரிகளின் கைகள் அவை.

“பழைய தோல் உரிகிறது. புதுமுகம் வரும்வரை யாரும் பார்க்கக் கூடாது,” என்றார் வைத்தியர், ராணியம்மாவிடம். “இன்னொருத்தி பூசினால் போதும்.” அவரது பவள மோதிர விரல், வெளுத்த துணியோடு வந்த சலவைக்காரி செம்பாயியைக் காட்டியது.

அவள் தைலக் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தாள். சலவைத் தொழிலில் முப்பது வருஷமாய்ப் பழகின பழுப்பு நிறம்.

“எந்த விதையில எடுத்தது சாமி?”

“சொன்னால் வீரியம் போய்விடும்.”

“பூசிக்கிறேன் சாமி. ஆனா எதையும் ஓரத்துல வச்சுப் பார்க்காம முழுசா நனைக்கிறது எங்க தொழில்ல இல்லீங்க.”

வைத்தியரின் வெள்ளைத் துண்டு ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, அவர் வெற்றிலைப் பெட்டியிலிருந்த சுண்ணாம்பையே எடுத்து மேலே தடவினாள். சொட்டு கன்னங்கரேலென்று ஆனது.

“சேங்கொட்டை, ராணியம்மா. நாங்க துணிக்குக் குறி போடறது. ஆயுசுக்கும் போகாது. தோல்ல பட்டா வெந்து கொப்பளிக்கும்.”

ராணியம்மா துண்டையே பார்த்தாள். “அப்போ முகத்துக்கு எதைத்தான் பூசுவது?”

“நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், எது ஒத்துக்குதோ அது. முதல்ல முழங்கை மடிப்புல தடவிப் பாருங்க. விதைப் பேர் சொல்லாத எண்ணெய் மட்டும் வேண்டாம்.”

ராணியம்மா கிண்ணத்தை மெல்ல வைத்தியர் பக்கம் நகர்த்தினாள். “மிச்சத்தை வீணாக்க வேண்டாம், வைத்தியரே.”

மறுநாள் மூன்றாவது அறையும் உள்ளே தாழிட்டிருந்தது. தட்டுக்காக நீண்ட கையில் பவள மோதிரம் இருந்தது.