கரட்டுக்குளம் இலக்கிய வட்டம் அறிமுகமான கதை

கரட்டுக்குளத்தில் நான்கு பேர் சேர்ந்து ஓர் இலக்கிய வட்டம் வைத்திருந்தார்கள். நாலு பேர் உட்கார்ந்தால் சதுரம்தானே வரும் என்று ஊரில் சிலர் கேட்டதுண்டு. அதனால் கூட்டம் நடக்கும்போது நாற்காலிகளைக் கொஞ்சம் வளைத்துப் போட்டுக்கொள்வார்கள்.

தலைவர் திருமலைக்கொழுந்து கவிஞர். மாவு மில் வைத்திருந்தார். மில் ஓடும்போதுதான் கவிதை வாசிப்பார் என்பதால் அவர் கவிதையில் குறை சொன்னவர் யாருமில்லை. எபநேசர் ஓவியர், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். பால்வண்ணம் விமர்சகர். எதையும் படித்தால் சார்பு வந்துவிடும் என்று படிக்காமலே விமர்சனம் செய்தார். நான்காவது ஆள் உலகம்மாள். தையல்காரர். ஒரு நாவல் எழுதி முடித்திருந்தார்.

நாவல் கட்டு தையல் மெஷின் மேல் இருந்ததால் ரொம்ப நாளாக மெஷினில் தைக்க முடியவில்லை. இந்த வருடமும் அச்சாகவில்லை என்றால் கட்டைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டுத் தைக்க உட்கார்ந்துவிடுவது என்று உலகம்மாள் முடிவு செய்திருந்தார். அப்படி உட்கார்ந்தால் பிறகு எழுத மாட்டார் என்பது அவருக்கே தெரியும்.

அந்த நேரத்தில்தான் வாய்ப்பு வந்தது. முதல் அத்தியாயத்தைத் தபாலில் பெற்றுப் படித்திருந்த பதிப்பாளர் சிதம்பரதாணு போன் செய்தார். அதில் தவில்காரன் சாக வேண்டாமே என்று கொஞ்ச நேரம் வாதாடித் தோற்றுவிட்டு விஷயத்துக்கு வந்தார். திருநெல்வேலியில் எழுத்தாளர், ஓவியர் சந்திப்பு நடக்கிறது, நானும் வருகிறேன், முழு நாவலையும் நேரில் கொடுங்கள், இந்த வருடம் போடும் புத்தகங்களை அன்று சாயங்காலமே முடிவு செய்துவிடுவேன் என்றார்.

நான்கு பேரும் நூலகர் ஜெசிந்தா மேடத்திடம் ஆலோசனை கேட்கப் போனார்கள். அவர் இந்த நான்கு பேரையும் வெகுநாளாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

"அங்க போயும் நாலு பேரும் ஒட்டிக்கிட்டு நிக்காதீங்க. தெரிஞ்சவங்களோட பேசாதீங்க. தெரியாதவங்ககிட்டப் போய் அறிமுகப்படுத்திக்கோங்க" என்றார்.

வெளியே வந்ததும் விவாதம் தொடங்கியது. ஒரே ஊர், ஒரே தெரு, நமக்குள் தெரியாமல் எப்படி இருப்பது என்று எபநேசர் கேட்டார். பஸ் ஏறினதிலிருந்து தெரியாது என்று வைத்துக்கொள்வோம் என்று தலைவர் தீர்ப்பு சொன்னார். எப்போது மறுபடி தெரிய ஆரம்பிக்கலாம் என்று யாரும் கேட்கவில்லை.

பஸ்ஸில் தலைவர் நான்கு டிக்கெட் எடுத்தார். மற்ற மூன்றும் யாருக்கு என்றார் கண்டக்டர். அந்த மூன்று பேருக்கு என்று கை காட்டினார். உங்களுக்கு வேண்டியவங்களா என்று கேட்டதற்கு, யாரென்றே தெரியாது என்றார். கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. முன் சீட்டிலிருந்த பெரியவர் எழுந்து வந்து, "அண்ணாச்சி, என்னையும் உங்களுக்குத் தெரியாதுல்லா" என்றார். தெரியாதுதான். அவருக்கும் எடுத்தார். அதன் பிறகு அந்த பஸ்ஸில் தலைவருக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்று ஆகிவிட்டது. திருநெல்வேலியில் இறங்கும்போது அவர் சட்டைப்பை தட்டையாக இருந்தது.

மண்டப வாசலில் ஒரு பெண் பெயர் பதிந்துகொண்டிருந்தாள். நான்கு பேரும் தனித்தனியாக வந்து கரட்டுக்குளம் என்றார்கள். ஒருவருக்கொருவர் தெரியுமா என்று கேட்டாள். நான்கு பேரும் தெரியாது என்றார்கள். ஒரே ஊர்க்காரர்கள் இப்படித் தெரியாமல் இருக்கலாமா என்று அவள் வருத்தப்பட்டு, நான்கு பேரையும் ஓர் ஓரமாகக் கூட்டிப் போய் அறிமுகப்படுத்தி வைத்தாள்.

அவர்களுக்கு வந்த காரியம் வாசலிலேயே முடிந்ததில் பெரிய சந்தோஷம். நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று தலைவர் உலகம்மாளைக் கேட்டார். வட்டத்தில் இத்தனை வருடமாக யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தெரிந்தவர்களிடம் யார் அதையெல்லாம் கேட்கிறார்கள்? உலகம்மாள் நாவலின் கதையைச் சொன்னார். மில் சத்தம் இல்லாத இடத்தில் தலைவர் ஒரு கதையைக் கேட்பது அதுதான் முதல் தடவை. மூன்று பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். பால்வண்ணம் மட்டும், முழுக்கக் கேட்டுவிட்டதால் இனி இதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று வருந்தினார்.

எபநேசருக்குத்தான் அன்று அதிகம் பேர் பழக்கமானார்கள். உங்கள் வேலைக்கு மாதிரி ஒன்று கொண்டுபோங்கள் என்று ஜெசிந்தா மேடம் சொல்லியிருந்ததால், இருப்பதிலேயே நன்றாக வந்த பலகையை எடுத்து வந்திருந்தார். 'சூடான சாப்பாடு தயார்' என்று சிவப்பில் எழுதியது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினோரு மணியிலிருந்து அவர் முன்னால் வரிசை நின்றது. ஒவ்வொருவரிடமும் கை குலுக்கி, நான் எபநேசர், ஓவியன் என்றார். சரி, இலை எங்கே என்றார்கள்.

இதற்குள் சிதம்பரதாணு வந்து தன் பெயர் போட்ட மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். உலகம்மாள் கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது பால்வண்ணம் தடுத்தார். அவர் உங்களிடம் போனில் பேசியவராயிற்றே, தெரிந்தவரிடம் எப்படிப் போவீர்கள் என்றார்.

"குரல்தான் தெரியும். மூஞ்சி தெரியாதுல்லா" என்றார் எபநேசர்.

"அப்போ பாதி தெரிஞ்சவரு" என்றார் தலைவர். "மூஞ்சிய மட்டும் அறிமுகப்படுத்திக்கிடலாம். வாயத் திறக்கப்பிடாது."

உலகம்மாள் போய் மேஜைக்கு முன்னால் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். என்ன வேண்டும் அம்மா என்று கேட்ட சிதம்பரதாணு, பதில் வராததால் நாற்காலி போட்டுக் கொடுத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு, ஓர் எழுத்தாளரைக் காணோம் என்று சொல்லிக்கொண்டே தன் போனை எடுத்து அழைத்தார். உலகம்மாளின் பை மணியடித்தது. உங்கள் போன் அடிக்கிறது பாருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். உலகம்மாள் தலையாட்டினார். எடுக்கவில்லை. "எடுக்க மாட்டேங்கிறாங்களே" என்று அவர் போனை வைத்ததும் பையும் அடங்கியது.

மணி நான்கைத் தாண்டியது. சிதம்பரதாணு பையைக் கட்ட ஆரம்பித்தார். உலகம்மாள் ஓடி வந்து கட்டைத் தலைவர் கையில் திணித்தார். தலைவருக்குச் சிதம்பரதாணுவைச் சுத்தமாகத் தெரியாது. அவர் கொடுக்கலாம்.

தலைவர் கட்டை மேஜையில் வைத்தார். சிதம்பரதாணு முதல் பக்கத்தைப் புரட்டியதும் நிமிர்ந்தார். இது உலகம்மாளின் நாவல் அல்லவா, உங்களிடம் எப்படி வந்தது என்றார். அதோ நிற்கிற அம்மா கொடுத்தது என்றார் தலைவர். அந்த அம்மா யார் என்றதற்கு யோசித்துத் தெரியாது என்றார். சிதம்பரதாணு மறுபடி போன் போட்டார். மறுபடியும் பை மணியடித்தது. இந்த முறை அவர் முகம் மாறியது.

"நாவலையும் எடுத்து, போனையும் எடுத்து வச்சிருக்காங்களா? உலகம்மாள் எங்க? இவங்கள யாருக்காவது தெரியுமா இங்க?"

உலகம்மாள் மூன்று பேரையும் பார்த்தார். மூன்று பேரும் கூடிப் பேசினார்கள். தெரியும் என்றால் ஜெசிந்தா மேடம் சொன்னதை மீறியதாகும். தெரியாது என்றால் நாவல் போய்விடும். கடைசியில் தலைவர் ஒரு பெரிய தியாகத்துக்குத் துணிந்தவராக முன்னால் வந்தார்.

"எனக்குத் தெரியும். இவங்கதான் உலகம்மாள்."

சிதம்பரதாணு மூச்சு விட்டார். "நல்லது. எவ்வளவு நாளாத் தெரியும்?"

"காலைல இருந்து."

சிதம்பரதாணு கட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். இதை உலகம்மாளிடமே சேர்ப்பிப்பேன், திருட்டுக் கூட்டத்திடம் கொடுக்க மாட்டேன் என்றார். வாசலில் நின்ற போலீஸ்காரரைக் கூப்பிடச் சொல்லி யாரையோ அனுப்பவும் செய்தார்.

உலகம்மாள் தலைவர் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "அண்ணாச்சி, எனக்குத் தெரிஞ்ச சிதம்பரதாணு என்னையத் திருடின்னு சொல்லுவாரா?"

"சொல்ல மாட்டாரு."

"அப்போ இவரு வேற யாரோ. வேற யாரோன்னா பேசலாம்லா?"

தலைவர் இதை நான்கு பக்கமும் யோசித்துப் பார்த்து அனுமதி கொடுத்தார்.

உலகம்மாள் மேஜையில் கையை ஊன்றினார். "முதல் அத்தியாயத்துல அந்தத் தவில்காரன் சாக வேண்டாம், மாத்தி எழுதுங்கன்னு போன்ல சொன்னீங்க. செத்தவன எழுப்ப முடியாதுன்னு அன்னைக்கே சொன்னேன். நீங்க யாரா இருந்தாலும் சரி, இன்னைக்கும் அதத்தான் சொல்லுதேன். கட்டக் குடுங்க."

சிதம்பரதாணு அந்தக் குரலைக் கேட்டார். அந்தப் பிடிவாதத்தையும் கேட்டார். கட்டைக் கொடுக்கவில்லை. பைக்குள் பத்திரமாக வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, பொங்கலுக்குள் புத்தகம் வந்துவிடும் என்றார். தவில்காரன் அப்படியே சாகட்டும் என்றும் சொன்னார். வந்த போலீஸ்காரருக்கு எபநேசர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அவரும் சாப்பாடு எங்கே என்றார்.

கரட்டுக்குளத்தில் வந்து இறங்கியபோது இருட்டிவிட்டது. நான்கு பேருக்கும் பிரிய மனம் வரவில்லை. விலாசம் வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் கீழத்தெருவாக இருந்தது. இவ்வளவு நல்ல மனிதர்கள் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இத்தனை நாள் பழகாமல் போய்விட்டதே என்று எபநேசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புத்தகம் வந்ததும் முதல் பிரதி உங்கள் மூன்று பேருக்கும்தான் என்று உலகம்மாள் சத்தியம் செய்தார்.

பால்வண்ணத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. நாம் நான்கு பேரும் சேர்ந்து ஓர் இலக்கிய வட்டம் ஆரம்பித்தால் என்ன என்று கேட்டார்.

மற்ற இருவரும் உடனே சம்மதித்தார்கள். திருமலைக்கொழுந்து மட்டும் தயங்கினார்.

"ஆசையாத்தான் இருக்கு. ஆனா நான் ஏற்கெனவே ஒரு வட்டத்துல தலைவரா இருக்கேன். அதுல இருக்க மூணு பேரும் பாவம், கொஞ்சம் வெவரம் இல்லாத ஆளுக. நான் இல்லன்னா தவிச்சிப் போயிருவாங்க."