மேளக்காரர் மாடத்துக் கம்பிகள்

தேவசேனாவிடம் கட்டட வடிவமைப்புப் பாடம் கேட்டவர்களில் அருணகிரிக்குத்தான் வயது அதிகம். ஆசிரியையைவிடவே அதிகம். வீம்பும் அப்படித்தான். கோவையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர், இரும்பைப் பற்றி முறையாகப் படித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்து சேர்ந்தார்.

அவர் மகள் நிறைமதிக்குக் கல்யாணம் நெருங்கியது. ஊர் மண்டபத்தில், மணமேடைக்கு மேலே மேளக்காரர்கள் உட்கார ஒரு தொங்கு மாடம் செய்துதர அருணகிரி ஒப்புக்கொண்டார். உத்திரத்திலிருந்து இறங்கும் கம்பிகள் அந்த மாடத்தைத் தாங்கும். என்ன இரும்பு, எவ்வளவு கனம் என்பதையெல்லாம் தேவசேனா வரைந்து கொடுத்திருந்தார்.

வேலை முடிந்து பார்க்க வந்த தேவசேனா, ஒரு கம்பியைச் சுண்டிப் பார்த்தார்.

“இது நான் எழுதின இரும்பு இல்லீங்களே.”

“அதைவிட ஒசத்திங்க டீச்சர். உளி செய்யற இரும்பு. நானே பழுக்கக் காச்சி எண்ணெயில முக்கி எடுத்தேன். என்ர மக கல்யாணத்துக்குப் போய் சாதாக் கம்பி போடுவனுங்களா?”

அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. அதைக் கெடுக்க யாருக்கும் மனசு வராது. தேவசேனாவுக்கும் வரவில்லைதான்.

“கழட்டிருங்ண்ணா,” என்றார்.

அந்த நேரம் பார்த்து நிறைமதி காபி கொண்டுவந்தாள்.

“எனக்கு வேண்டாம்,” என்றார் அருணகிரி.

அவள் டம்ளரை மேடை ஓரத்தில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் நாலடி தள்ளி நின்றுகொண்டாள். தேவசேனா அதைக் கவனித்தார்.

“மிச்சக் கம்பி இருக்குங்களா? சாதாக் கம்பியும் ஒண்ணு எடுத்துட்டு வாங்க.”

வாசலில் நின்ற பட்டறை வண்டியிலேயே இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் இருந்தது. அருணகிரி முதலில் சாதாக் கம்பியை அதில் முடுக்கிச் சுத்தியலால் ஓர் அடி போட்டார். கம்பி சாய்ந்தது.

“பாத்தீங்களா? ஒரே அடி,” என்று சிரித்தார். உற்சாகத்தில் இன்னும் அடித்தார். கம்பி மடங்கிப் படுத்ததே தவிர ஒடியவில்லை.

அடுத்து அவருடைய கம்பி. தேவசேனா அதன்மேல் ஒரு கோணிச் சாக்கைப் போர்த்தினார்.

அருணகிரி அடித்தார். சுத்தியல்தான் துள்ளியது.

“அசையுதுங்களா டீச்சர்?”

“இன்னும் அடிங்ண்ணா.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓங்கி அடித்தார். டக்கென்று ஒரு சத்தம். பாதிக் கம்பி சாக்குக்குள் கிடந்தது. ஒடிந்த இடம் கற்கண்டு போல மினுங்கியது.

அருணகிரி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு லேசில் விடுகிற ஆளா?

“ஆனாலும் டீச்சர், கடைசி வரைக்கும் வளையாம நின்னுச்சில்லீங்க. பலம் இதுக்குத்தானுங்களே ஜாஸ்தி?”

“ஆமாங்ண்ணா. பலம் இதுக்குத்தான் ஜாஸ்தி.”

“அப்புறம் ஏனுங்க கழட்டச் சொல்றீங்க?”

தேவசேனா வாசலிலிருந்தே மாடத்தைப் பார்த்தார். அதற்கு நேர் கீழே, மணப்பெண் உட்காரப்போகும் இடத்தைப் பார்த்தார். பிறகு, பின்னாலேயே வந்து நின்ற நிறைமதி பக்கம் திரும்பினார்.

“அப்பாவுக்குக் கோவம் வந்தா மொதல்ல என்ன பண்ணுவாரும்மா?”

நிறைமதி அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

“காபி வேண்டாம்பாருங்க. உடனே நாங்கெல்லாம் ஒதுங்கிக்குவோம்.”

தேவசேனா வாய்விட்டுச் சிரித்தார். அருணகிரிக்கும் சிரிப்பு வந்தது, மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

“பாரம் மீறிப்போச்சுன்னா நான் எழுதின கம்பி மொதல்ல நீளுமுங்ண்ணா. மாடம் கீழ தாழ்ந்து வரும். மேளக்காரர் எறங்கிருவாரு, நிறைமதி எந்திரிச்சு ஓடிருவா. அதுதான் அந்தக் கம்பி சொல்ற ‘காபி வேண்டாம்’. உங்க கம்பிக்கு அதைச் சொல்லத் தெரியாது.”

அருணகிரி உள்ளே போய், ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஸ்பேனரைத் தேடினார்.